அகல டயரும் அடைமழையும்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல்)

கார் ரேஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டி.வி.யில் பார்க்கும் அந்தத் தாழ்ந்த வண்டியும், அதன் இரண்டு பக்கமும் அம்மிக்கல் போல உருண்டு திரண்டு நிற்கும் டயர்களும்தான். "இவ்வளவு அகல டயர் போட்டா ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும், வழுக்கவே வழுக்காது" என்று நம்ம ஹாஸ்டலில் சத்தியம் செய்யாத ஆள் இல்லை. காய்ந்த ரோட்டில் அது உண்மை. மழை கொட்டும்போது அதே டயர்தான் முதலில் காலை வாரும். ஏன், எப்படி என்பதை நம்ம பாடத்தில் படித்த சங்கதிகளை வைத்தே பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர்க்காரர் ஒருவரின் கதை. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெயரை வாங்கியவர். 2012 மார்ச் 25-ம் தேதி மலேசியாவில் செபாங் மைதானத்தில் பந்தயம். அப்போது அவர் ஓட்டியது ஹெச்.ஆர்.டி. என்ற அணியின் கார். அந்த வருடம் களத்திலேயே மெதுவான கார்களில் ஒன்று என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். புறப்பட்டதும் கடைசி வரிசையிலிருந்துதான்.

பந்தயம் ஆரம்பிக்கும்போதே ரோடு ஈரம். பெரிய அணிகள் எல்லாம் "இன்டர்மீடியட்" எனப்படும் நடுத்தர மழை டயரோடு கிளம்பின. ஹெச்.ஆர்.டி. ஆட்கள் மட்டும் ஆழமான வெட்டுகள் கொண்ட முழு மழை டயரை மாட்டி அனுப்பினார்கள். சில நிமிடத்தில் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக டயர் மாற்ற உள்ளே ஓட, நம்ம ஆள் ஓடிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது லேப்பில் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் இருந்த இடம் பத்தாவது! உலக சாம்பியன்கள் ஓட்டும் களத்தில், கடைசி வரிசைக் கார் பத்தாவது இடத்தில். எஞ்சின் மாறவில்லை, டிரைவர் மாறவில்லை. டயரில் இருந்த வெட்டுதான் வித்தியாசம்.

(பிறகு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். ரோடு காயக் காய அந்தக் கார் பழையபடி பின்னால் போய்விட்டது. ஜென்சன் பட்டன் இவர் காரில் இடித்து முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். கடைசியில் வெட்டலோடும் ஓர் உரசல், அதற்கு 20 விநாடி தண்டனை. பந்தயத்தை வென்றது ஃபெராரி ஓட்டிய அலோன்சோ.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டயரின் வெளிச்சுற்றில் எவ்வளவு பாகம் ரோட்டைத் தொடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். காலி எடை சுமார் 650 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் 780 என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 195 கிலோ. டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று. எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு. கணக்குப் போட்டால் வருவது சுமார் 107 சதுர சென்டிமீட்டர், அதாவது நம்ம உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கை மேலேதான் முழுக் குடும்பமும் பயணம் செய்கிறது!

இங்கேதான் பலருக்கும் தெரியாத சங்கதி. அகலமான டயரை மாட்டினால் இந்தப் பரப்பு கூடும் என்று நினைக்கிறோம். கூடாது, நண்பர்களே. எடையும் அதே, காற்றழுத்தமும் அதே என்றால் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது வடிவம். பழைய 145 டயரில் தொடும் இடம் ஏறக்குறைய 10.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். அதே காரில் 175 டயர் போட்டால் அகலம் 13.5 ஆகும், நீளம் 8-க்குக் குறையும். சதுரமாக இருந்த உள்ளங்கை, பக்கவாட்டில் நீண்டு முன்பின்னாகக் குட்டையாகிவிட்டது.

காய்ந்த ரோட்டில் இது நல்லதே. வளைவில் திரும்பும்போது டயர் உடனே பேச்சைக் கேட்கும், சூடு பரவலாகத் தங்கும், மிருதுவான ரப்பர் போடலாம். அப்ளைடு மெக்கானிக்ஸில் உராய்வுக்கும் பரப்புக்கும் சம்பந்தமில்லை என்று படித்தோமே, அந்த விதி ரப்பருக்கு அப்படியே பொருந்தாது. ரப்பர் ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கிற ஜாதி. பந்தயக் கார்கள் அகல டயர் போடுவது சும்மா அழகுக்கு அல்ல.

இப்போது ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். 13.5 செ.மீ. அகலமுள்ள ஒரு டயர், விநாடிக்கு 9 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து தள்ளியாக வேண்டும். முன் டயர் இரண்டும் சேர்ந்து 18 லிட்டர். நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர். ஒவ்வொரு விநாடியும் ஒரு குடத்துக்கும் மேலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட வேண்டும். 145 டயராக இருந்தால் ஒரு டயருக்கு 7 லிட்டர் போதும்.

சுமை கூடினது மட்டும் இல்லை, நேரமும் குறைந்துவிட்டது. ரோட்டில் ஒரு புள்ளி மேல் பழைய டயர் கடந்துபோக ஆயிரத்தில் நாலரை விநாடி ஆகும். அகல டயர் மூன்றரையில் கடந்துவிடும். அதற்குள் நடுவில் மாட்டிய தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும். ஓட வேண்டிய தூரமோ அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பழைய டயரில் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வெளியேறினால் போதும் என்றிருந்த தண்ணீர், புது டயரில் 19 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஓட முடியாத தண்ணீர் என்ன செய்யும்? ஆப்பு மாதிரி டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கும். டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிடும். இதைத்தான் அக்வாபிளேனிங் என்கிறார்கள். ஏரியில் தட்டைக் கல்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்தக் கதைதான்.

எந்த வேகத்தில் இது நடக்கும்? ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் பெர்னோலியைப் படித்து மறந்தவர்கள் கொஞ்சம் தூசி தட்டுங்கள். ஓடும் நீரை ஒரு தடுப்பு நிறுத்தினால் வரும் அழுத்தம், அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதில் பாதி. 80 கி.மீ. வேகத்துக்கு இது 36 பி.எஸ்.ஐ. அளவு வருகிறது. முழுவதும் டயரைத் தூக்குவதில் போகாது. பக்கத்தில் சிதறுவது போக மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்கு டயர் காற்றழுத்தத்தை எட்டினால் டயர் மிதக்கும்.

1960-களில் அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையத்தில் ஹோர்ன் என்பவரும் கூட்டாளிகளும் விமான டயர்களை வைத்துச் சோதனை செய்து இதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு கொடுத்தார்கள். மழையில் ரன்வேயில் இறங்கிய விமானங்கள் பிரேக் பிடிக்காமல் ஓடியதுதான் அவர்களுக்குத் தலைவலி. நம்ம அளவுகளில் சொன்னால்: டயர் அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 16.7-ஆல் பெருக்கு. வருவது கி.மீ. வேகம்.

36 பி.எஸ்.ஐ. என்றால் 100 கி.மீ.
26 என்றால் 85.
18 என்றால் 71-க்குக் கொஞ்சம் குறைவு.

கடைசி வரியைக் கவனியுங்கள். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் 18, 20 பி.எஸ்.ஐ.தான் வைப்பார்கள். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் வழியில் பிறந்த வண்டிகள் எல்லாம் இந்த ரகம். அரை டன் வண்டிக்கு 30 பி.எஸ்.ஐ. வைத்தால் டயர் கல்லு மாதிரி குதிக்கும், பிடிப்பு போய்விடும். ஆக, லேசான வண்டிக்கு இரண்டு பக்கமும் அடி. காற்றழுத்தம் குறைவு என்பதால் சீக்கிரமே மிதக்கும். டயர் அகலம் என்பதால் தொடும் இடம் குட்டை, தண்ணீர் வெளியேற நேரம் இல்லை.

இங்கே ஒரு கெட்டிக்காரர் எழுந்து, "வாய்ப்பாட்டில் எடையும் இல்லை, அகலமும் இல்லையே?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. எடை கூடினால் தொடும் பரப்பும் கூடிவிடுவதால், எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. ஆனால் தொடும் இடத்தின் வடிவம் அடிபடாது. இதே ஹோர்ன் 1980-களில் திரும்ப ஆராய்ந்தார். நல்ல காற்றழுத்தம் உள்ள லாரி, பாரம் ஏற்றாத நேரத்தில், வாய்ப்பாடு சொல்வதைவிடக் குறைந்த வேகத்திலேயே வழுக்குவது தெரிந்தது. காரணம், காலி லாரியின் டயர் ரோட்டைத் தொடுவது குட்டையான அகலப் பட்டையாக. எடை குறைந்த காரில் அகல டயர் மாட்டுவதும், லாரியைக் காலியாக ஓட்டுவதும் தண்ணீருக்கு ஒன்றுதான்.

இதே கணக்கை நம்ம பஸ்ஸுக்குப் போடுங்கள். டயர் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ. என்றால் வருவது 167 கி.மீ.! நம்ம ஊர் பஸ் அந்த வேகத்தை எட்டப் போவதில்லை. திண்டிவனம்-கிருஷ்ணகிரி ரோட்டில் கொட்டுகிற மழையில் பஸ் நம்மைத் தாண்டிச் சர்ரென்று போகும்போது, "பஸ்ஸே போறப்ப நம்ம கார் போகாதா?" என்று ஆக்சிலேட்டரை அழுத்துகிறவர்களுக்காக இந்த வரியை எழுதுகிறேன். அவருக்கு 167, உங்களுக்கு 85. டயர் தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். பழைய மாருதி 800 வாங்கினார். டயர் மாற்றப் போன கடையில், "அகல டயர், அலாய் வீல் போடுங்க சார், மழைக்கு நல்ல கிரிப் இருக்கும்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சவாரி மெத்தென்று இருக்கும் என்று காற்றையும் 22-க்கு இறக்கிவிட்டார்கள். ஐப்பசி மழையில் செங்கம் பக்கம் போய்விட்டு அண்ணியோடும் கைக்குழந்தையோடும் திரும்புகிறார். ஏரிக்கரை ஓரம் ரோடு தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்க, கார் அதில் ஏறியதும் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி லேசாகிவிட்டதாம். பயத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறார். தண்ணீரைத் தாண்டி டயர் மறுபடி ரோட்டைப் பிடித்த நொடியில் வண்டி பம்பரமாகி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரில் வண்டி வராததால் மூன்று பேரும் முழுசாக வீடு வந்தார்கள். 22-ன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 78 வரும். அவர் சொன்ன வேகமும் எண்பதைச் சுற்றித்தான்.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்வது? டயர் மிதக்கும்போது பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. ஏ.பி.எஸ். இருந்தாலும் பலன் இல்லை, பிடிக்க ரோடே இல்லையே! ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்கணும். ஸ்டியரிங்கை நேராகப் பிடிச்சுக்கணும், திருப்பக் கூடாது. திருப்பி வைத்த சக்கரம் ரோட்டைப் பிடிக்கும் நொடியில்தான் வண்டி சுழலுகிறது. வேகம் தானாக இறங்கி, டயர் கீழே உட்காரும். அதற்குப் பிறகுதான் பிரேக். சொல்வது சுலபம், கால் கேட்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது.

பந்தயக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? மழுமழு என்ற "ஸ்லிக்" டயரைக் கழற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகப் போகும் வெட்டுகள் உள்ள டயரை மாட்டுகிறார்கள். வெட்டு ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். 2017-ல் பிரெல்லி கம்பெனி கொண்டுவந்த முழு மழை டயர், 300 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டரும், இன்டர்மீடியட் 30 லிட்டரும் வெளியேற்றும் என்று அவர்களே அறிவித்தார்கள். செபாங்கில் நாராயண் முன்னேறிய ரகசியம் இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. மழை டயரின் விட்டமும் சற்றுப் பெரிது. வண்டியின் அடித்தளம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உயரும். ஏனென்றால் அவ்வளவு தாழ்ந்த வண்டியில் டயர் மட்டுமல்ல, தட்டையான அடித்தளமே தண்ணீரில் மிதக்க ஆரம்பித்துவிடும்! இறக்கைகள் காற்றை வைத்து வண்டியைக் கீழே அழுத்துவது வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மெதுவாகப் போனால் அந்த உதவியும் கிடைக்காது. மழையில் பந்தயக்காரர் கத்தி மேல் நடக்கிறார் என்பது இதனால்தான்.

அவர்களும் எப்போதும் ஜெயிப்பதில்லை. 2007-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் முதல் வளைவில் ஆறு மாதிரி தண்ணீர் ஓட, ஒரே இடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப்போய் நின்றன. 2014 அக்டோபர் 5-ல் ஜப்பானின் சுசுகாவில் ஈர ரோட்டில் ஜூல்ஸ் பியான்கியின் கார் விலகி, மீட்பு வண்டி மேல் மோதியது. அடுத்த வருடம் ஜூலையில் அந்த இளைஞர் இறந்துபோனார். சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி நடத்த இருந்த தெரு ரேஸும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31-ல் ஆரம்பித்த நாளிலும் மழை வந்து தாமதப்படுத்தியது. அங்கே ஓடிய உல்ஃப் தண்டர் கார்கள் அரை டன்னுக்கும் குறைவான எடை, அகல டயர். இந்தக் கட்டுரைக்கென்றே செய்த மாதிரி.

நம்ம மாவட்டத்துக்கு மழை புதிதல்ல. 2024 ஃபெஞ்சல் புயலில் மலைச்சரிவு ஏழு உயிரைக் கொண்டுபோனதை இந்த ஊர் மறக்கவில்லை. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி நாளில் வெளியே கிளம்பாமல் இருப்பதுதான் இன்ஜினியரிங். நான் சொல்வது சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழை.

சிவில் நண்பர்கள் கவனிக்க: ரோட்டுக்கு நடுவில் மேடாக, ஓரத்துக்குச் சரிவாகக் கேம்பர் கொடுப்பது தண்ணீர் வடியத்தான். லாரிகள் ஓடி ஓடி சக்கரத் தடம் பள்ளமாகிவிட்டால் கேம்பர் இருந்தும் பிரயோசனம் இல்லை, அந்தத் தடத்திலேயே வாய்க்கால் மாதிரி நிற்கும். தேய்ந்த தடத்தில் நீள வாக்கில் தண்ணீர் மின்னினால் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி மேட்டில் ஓட்டுங்கள். தடம் பள்ளமாகாத நல்ல ரோட்டில் இதற்கு நேர்மாறு. முன்னே போகும் பஸ் தண்ணீரைப் பிதுக்கிவிட்ட தடத்திலேயே, போதிய இடைவெளி விட்டுப் போவது நல்லது.

டயர் வெட்டின் ஆழம் கார்களுக்குக் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது சட்டம். டயர் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று போட்டிருக்கும். அதற்கு நேரே வெட்டுக்குள் சின்ன மேடு தெரியும், ரப்பர் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்தால் ஆயுள் முடிந்தது. நம்ம லேபில் இருக்கும் வெர்னியரின் பின்பக்கம் நீட்டும் டெப்த் கம்பியை வெட்டுக்குள் விட்டால் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்லும். (லேப் அசிஸ்டென்டிடம் கேட்டுவிட்டு எடுங்கள்!) காற்றைக் காலையில் வண்டி ஓடும் முன் பார்க்கணும், ஓடின டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். டயர் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மாட்டியது சரியா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினால் வாய்க்கால் தண்ணீரை வெளியே தள்ளாமல் உள்ளே கூட்டும்.

"எங்ககிட்ட ஏது கார், பைக்குதானே" என்கிறீர்களா? பைக் டயர் குறுகல், உருண்டை. தொடும் இடம் படகு மாதிரி நீளமாக, கூர்மையாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால் நம்ம வேகத்தில் பைக் மிதப்பது அபூர்வம். ஆனால் பைக்குக்கு வேறு எமன் உண்டு. பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பத்து நிமிடத் தூறலில் ரோட்டுத் தூசியும் சிந்திய ஆயிலும் குழைந்து வழவழப்பான பசையாகும். நல்ல மழை அடித்துக் கழுவியபின் பிடிப்பு ஓரளவு திரும்பும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பஸ் ஸ்டாண்டு வாசலில் டீசல் சொட்டிய இடம், இதன் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், சாய்ப்பதும் வேண்டாம். முன் பிரேக்கைப் பயந்து விட்டுவிடாமல், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடித்துப் பழகுங்கள். பின் டயர் மொட்டையாக இருக்கிற வண்டியில் மூன்று பேராகப் போளூருக்குக் கிளம்பும் நண்பர்கள், கிளம்பும் முன் அந்த வெர்னியரை ஒரு தடவை டயருக்குள் விட்டுப் பாருங்கள்.